இங்கிலாந்தில் வேலைக்கு வந்த முதல் வருடம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் விருதுநகர்க்காரி. சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு 2021 அக்டோபரில் வட இங்கிலாந்தில் உள்ள லீட்ஸ் நகருக்கு வேலைக்கு வந்தேன். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் கல்லூரி ஜூனியர்கள், சித்தி மகன், அவனுடைய நண்பர்கள் என்று யாராவது புறப்படும் முன் போன் செய்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒருவருக்குச் சொன்னதை அடுத்தவருக்குச் சொல்ல விட்டுப்போகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதுகிறேன். தொகைகள் 2025-26 வரி ஆண்டின் கணக்கு. லண்டன் என்றால் வாடகையை நிறையக் கூட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விஷயம். நம் ஊரில் முகம் கொஞ்சம் வாடினாலே பக்கத்து வீட்டு அக்கா உள்ளே வந்து "என்னடி, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிடுவார். இங்கே அப்படி யாரும் கேட்க மாட்டார்கள். அடுத்தவர் விஷயத்தில் நுழையாமல் இருப்பதைத்தான் இவர்கள் மரியாதை என்று நினைக்கிறார்கள். ஆனால் நாமாக வாய் திறந்து கேட்டால் ஓடி வந்து உதவுகிறார்கள். முதல் வருடம் நான் பட்ட சிரமத்தில் பாதி, கேட்கத் தயங்கியதால் வந்தது. கீழே பல இடங்களில் இதையே திரும்பச் சொல்வேன்.

பெட்டியில் என்ன எடுத்து வரவேண்டும்?

நினைப்பதைவிடக் குறைவாக. குளிர்கால கோட்டை ஊரில் வாங்காதீர்கள். இங்கே வாங்குவதுதான் இந்தக் குளிருக்குத் தாங்கும். ஒவ்வொரு கடைத்தெருவிலும் சாரிட்டி ஷாப், அதாவது தொண்டு நிறுவனங்கள் பழைய பொருட்களை விற்கும் கடை, இருக்கும். நல்ல கம்பளிக் கோட்டே அங்கே மலிவாகக் கிடைக்கும். நான் இன்றும் போடுவது அப்படி வாங்கியதுதான்.

மிக்ஸி கொண்டு வரலாம். இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு: மூன்று தட்டையான கம்பிகள், உள்ளே ஒரு ஃபியூஸ். அதிக வாட் இழுக்கும் மிக்ஸிக்குத் தரமான மாற்று பிளக் போடுங்கள். குக்கர் எடுத்து வந்தால் அடிப்பகுதி இன்டக்‌ஷனுக்கு ஏற்றதா என்று பாருங்கள், சாதாரண அலுமினியக் குக்கர் இன்டக்‌ஷன் அடுப்பில் சூடாகாது. இரும்பு தோசைக்கல் நன்றாகவே வேலை செய்யும். குக்கருக்கு இரண்டு கேஸ்கெட் உபரியாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டு வரக் கூடாதவை: பாலோ இறைச்சியோ கலந்த எதுவும். எங்கள் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் இதில் அடக்கம் என்பதில் எனக்குத் தனி வருத்தம் உண்டு. பச்சைக் கறிவேப்பிலையையும் சான்றிதழ் இல்லாமல் கொண்டு வர முடியாது. பொடிகள், வத்தல், ஊறுகாய், காய்ந்த சுண்டைக்காய் எல்லாம் பிரச்சினையில்லை.

வந்த முதல் வாரத்தில் என்ன செய்ய வேண்டும்?

இப்போது விசா அட்டை கிடையாது, ஈ-விசாதான். புறப்படும் முன்பே இணையத்தில் உள்ள உங்கள் ஈ-விசா கணக்கில் நுழைந்து பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். நம் ஆட்களுக்கு இனிஷியலை விரித்து எழுதுவதில் குழப்பம் வரும். வேலையில் சேரும்போதும் வீடு எடுக்கும்போதும் அந்தக் கணக்கிலிருந்து ஒரு 'ஷேர் கோட்' எடுத்துக் கொடுக்க வேண்டும். அது 90 நாள் செல்லும். வேலைக்கு எடுத்த கோட் வாடகைக்கு உதவாது, தனித்தனியாக எடுக்க வேண்டும்.

அப்புறம் சிம் கார்டு, வங்கிக் கணக்கு. மோன்சோ, ஸ்டார்லிங் போன்ற செயலி வங்கிகளில் போனிலேயே கணக்கு தொடங்கலாம். சம்பளப் பிடித்தங்களை உங்கள் பெயரில் சேர்க்கும் தேசியக் காப்பீட்டு எண்ணுக்கு அரசுத் தளத்தில் இலவசமாக விண்ணப்பியுங்கள். காசு கேட்கும் தளங்களை மூடிவிடுங்கள். அந்த எண் வரும் முன்பே வேலையைத் தொடங்கலாம். அதே வாரத்தில் ஜி.பி. எனப்படும் குடும்ப மருத்துவரிடமும் பதிந்துவிடுங்கள். காய்ச்சல் வந்த பிறகு தேடக் கூடாது.

வருடச் சம்பளம் 36,000 பவுண்டு என்கிறார்கள். கையில் எவ்வளவு வரும்?

மாதம் சுமார் 2,350 பவுண்டு. கணக்கு இதுதான். முதல் 12,570 பவுண்டுக்கு வரி இல்லை. அதற்கு மேல் 50,270 வரை 20 சதவீத வரி, கூடவே 8 சதவீதம் தேசியக் காப்பீடு. ஆக 36,000-க்கு வருட வரி 4,686, காப்பீடு சுமார் 1,874. மீதியில் ஓய்வூதியப் பிடித்தம் போகும்.

அந்த ஓய்வூதியத்தைப் பலர் "நான் எங்கே இங்கே கிழவனாகப் போகிறேன்" என்று நிறுத்திவிடுகிறார்கள். செய்யாதீர்கள். நீங்கள் போடுவதோடு நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறது. நிறுத்தினால் அந்தப் பங்கும் நின்றுவிடும், அதாவது சம்பளத்தில் ஒரு பகுதியை வேண்டாம் என்று சொல்வதாகும். ஊர் திரும்பினாலும் அது உங்கள் பெயரிலேயே இருக்கும்.

முதல் மாத பேஸ்லிப்பில் வரிக் குறியீட்டைப் பாருங்கள். 1257எல் என்று இருந்தால் சரி. பின்னால் எம்1 அல்லது எக்ஸ் ஒட்டியிருந்தால் அது அவசரக் குறியீடு. வருடத்தின் நடுவில் வந்தவர்களுக்கு அதில் வரி அதிகமாகப் பிடிபடும். வரித்துறையை அழைத்துச் சொன்னால் திருத்தி, பிடித்ததைத் திருப்பித் தருவார்கள். எனக்கு அப்படி நடந்தது. நான் கேட்டது மூன்றாவது மாதம். முதல் மாதமே கேட்டிருக்கலாம்.

வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்குவது ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். 1752-இல் இந்த நாடு பழைய நாள்காட்டியைக் கைவிட்டபோது 11 நாட்கள் காணாமல் போயின. கணக்கு வருடம் அதுவரை மார்ச் 25-இல் தொடங்கியது, வரி வசூலில் நாள் குறையாமல் இருக்க அதைத் தள்ளி வைத்தார்கள்.

வீடு எப்படித் தேடுவது? ஏமாறாமல் இருக்க என்ன செய்வது?

முதல் வருடம் பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒரு அறை போதும். ஸ்பேர்ரூம் தளத்தில் அறைகள், ரைட்மூவ், ஜூப்லா தளங்களில் தனி வீடுகள். என் முதல் அறைக்கு பில்களும் சேர்த்து மாதம் 480 பவுண்டு கொடுத்தேன்.

ஊரிலிருந்தபடியே பணம் அனுப்பி அறை பிடிக்காதீர்கள். "சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்பவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் ஒரு தற்காலிக அறையில் தங்கி, நேரில் போய்ப் பார்த்து எடுங்கள். தண்ணீரைத் திறந்து பாருங்கள். ஜன்னல் ஓரத்திலும் அலமாரிக்குப் பின்னாலும் கருப்புப் புள்ளிகள் தெரிகின்றனவா என்று பாருங்கள்.

சட்டம் வாடகைதாரருக்கு நிறையவே செய்திருக்கிறது. முன்பதிவுப் பணம் ஒரு வார வாடகைக்கு மேல் கூடாது. டெபாசிட் பொதுவாக ஐந்து வார வாடகைக்கு மேல் கூடாது. அந்த டெபாசிட்டை 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் வீட்டுக்காரர் போட்டு உங்களுக்கு விவரம் தர வேண்டும். தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். புதிதாக வந்தவர்களிடம் ஆறு மாத வாடகையை மொத்தமாகக் கேட்பது வழக்கமாக இருந்தது. 2025 அக்டோபரில் சட்டமான வாடகைதாரர் உரிமைச் சட்டம் அதை மாற்றுகிறது: 2026 மே 1 முதல் புதிய ஒப்பந்தங்களில் ஒரு மாதத்துக்கு மேல் முன்கூட்டி வாங்க முடியாது.

குடிபோகும் நாளில் சுவர், மெத்தை, அடுப்பு, குளியலறை எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். மின்சார மீட்டரையும் கேஸ் மீட்டரையும் சேர்த்து எடுங்கள். முந்தைய ஆள் எரித்ததற்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வரி) வாடகையில் சேருமா என்று முன்னாலேயே கேளுங்கள். தனி வீட்டில் ஒருவராக இருந்தால் அதில் 25 சதவீதம் தள்ளுபடி உண்டு. விண்ணப்பித்தால்தான் தருவார்கள்.

சுவரில் பூஞ்சை வருகிறது. சமைப்பதை நிறுத்தச் சொல்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்ய?

சமையலை நிறுத்தாதீர்கள். இது எனக்கு நடந்ததால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

லீட்ஸில் 'பேக் டு பேக்' என்று ஒரு வகை வீடு உண்டு. இரண்டு வரிசை வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டி நிற்கும். பின் சுவர் பக்கத்து வரிசைக்காரருடையது; ஜன்னல் முன்பக்கம் மட்டும்தான். காற்று குறுக்கே போக வழியில்லை. இப்படிக் கட்டுவதை 1909-இலேயே சட்டம் தடுத்தது. முன்னாலேயே அனுமதி வாங்கிய திட்டங்களை வைத்து லீட்ஸில் 1930-கள் வரை கட்டினார்கள். என் இரண்டாவது வீடு அந்த வகை. டிசம்பரில் கட்டிலுக்குப் பின்னால் சுவர் கறுத்தது. "நீங்கள் குழம்பு கொதிக்க வைப்பதால்தான்" என்றார் வீட்டுக்காரர். நானும் குற்ற உணர்ச்சியோடு ஒரு மாதம் சாலட் தின்றேன்.

உண்மையில் நம் பழக்கம், கட்டடம் இரண்டுமே காரணமாக இருக்கலாம். நீராவி எங்கிருந்து வந்தாலும் குளிர்ந்த சுவரில் படிந்து பூஞ்சையாகும்: சமையல், குளியல், அறைக்குள் காயும் துணி, நம் மூச்சு எல்லாமே. மூடி போட்டுச் சமையுங்கள், எக்ஸ்ட்ராக்டர் விசிறியை அடுப்பை அணைத்த பிறகும் ஓடவிடுங்கள், காலையில் பத்து நிமிடம் ஜன்னலைத் திறந்து வையுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளிப் போடுங்கள். இத்தனையும் செய்த பிறகும் ஈரம் வந்தால் அது கட்டடத்தின் குறை. தேதியோடு போட்டோ எடுத்து, மின்னஞ்சலில் எழுதிக் கேளுங்கள். பதில் இல்லையென்றால் கவுன்சிலின் வீட்டுவசதிப் பிரிவுக்கு எழுதலாம். நான் எழுதிய பிறகுதான் உடைந்த மழைநீர்க் குழாய் ஒன்று சுவருக்குள் ஒழுகியது தெரியவந்தது. தண்ணீர் எங்கே போகிறது என்று கணக்குப் போடுவதுதான் என் தொழில். ஆனாலும் என் வீட்டுச் சுவரைப் பற்றி வாய் திறக்க ஒரு மாதம் ஆனது.

ஹீட்டரை எவ்வளவு நேரம் போடலாம்?

18 டிகிரிக்குக் கீழே போகவிடாதீர்கள். காசை மிச்சம் பிடிக்க வீட்டையே உறைய வைப்பவர்கள் நம்மில் பலர். முழுநாளும் எரிய வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் மூன்று மணி நேரம் என்று நேரம் குறித்து வைக்கலாம். ரேடியேட்டரின் மேல்பாதி குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. பக்கவாட்டில் உள்ள சின்னத் திருகை, அதற்கான சாவியால் திறந்து காற்றை விட வேண்டும்.

இட்லி மாவு புளிக்குமா?

புளிக்கும், வழி தெரிந்தால். கோடையில் பிரச்சினையே இல்லை. குளிர்காலத்தில் சமையலறை மேடையில் வைத்தால் இரண்டு நாளானாலும் அரைத்த மாதிரியே இருக்கும்.

பழைய வீடுகளில் சுடுதண்ணீர்த் தொட்டி உள்ள ஒரு சின்ன அலமாரி உண்டு, 'ஏரிங் கப்போர்ட்' என்பார்கள். துணி உலர வைக்கும் அந்த வெதுவெதுப்புதான் மாவுக்கும் சரியான இடம். அது இல்லாத வீட்டில், ஓவனைச் சூடாக்காமல் உள்ளே விளக்கை மட்டும் எரியவிட்டு மாவுப் பாத்திரத்தை வையுங்கள். அடியில் ஒரு தட்டு கட்டாயம். பொங்கி வழிந்தால் ஓவனைத் துடைப்பது பெரிய வேலை. உடன் தங்குபவர்கள் தெரியாமல் ஓவனைச் சூடாக்கிவிடக் கூடும், அதனால் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். வெந்தயம் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, கையால் கலக்கினால் பொங்குவது நிச்சயம் என்று அம்மா சொல்வார். எனக்கும் அப்படித்தான் வருகிறது.

உளுந்து, இட்லி அரிசி, நல்லெண்ணெய், புளி எல்லாம் இந்தியக் கடைகளிலும் ஈழத்தமிழர் கடைகளிலும் கிடைக்கும். 1983-க்குப் பிறகு வந்த ஈழத்தமிழ்க் குடும்பங்கள் இங்கே பல ஊர்களில் கடை வைத்திருக்கிறார்கள். நான் போகும் கடை அண்ணா யாழ்ப்பாணத்துக்காரர். முதல் நாள் நான் ஆங்கிலத்தில் கறிவேப்பிலை கேட்க, "தங்கச்சி, தமிழிலேயே கேளுங்கோ" என்றார். வந்து மூன்று வாரத்தில் ஒரு மனிதரிடம் நேருக்கு நேர் தமிழ் பேசியது அன்றுதான். கறிவேப்பிலைக்குக் காசு வாங்கவில்லை.

மீனுக்கு லீட்ஸ் கிர்க்கேட் மார்க்கெட். பெரிய பழைய சந்தை. மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் நிறுவனம் 1884-இல் அங்கே ஒரு பென்னிக் கடையாகத்தான் தொடங்கியது. அங்கே மேக்கரல் வாங்குங்கள். நம் அயிலை மீனுக்கு நெருங்கிய சொந்தம், எண்ணெய் கொஞ்சம் அதிகம், புளிக்குழம்புக்குப் பிரமாதம். தாளிக்கும்போது சமையலறைக் கதவை மூடிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் புகை அலாரம் முழு வீட்டையும் எழுப்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் ஆறு மணி நேரம்தான் திறந்திருக்கும். மாலை நாலு மணிக்கு மேல் பைகளோடு கிளம்பாதீர்கள்.

இவர்கள் பேசும் ஆங்கிலம் புரியுமா?

ஒரு மாதம் சிரமம், அப்புறம் பழகிவிடும். யார்க்‌ஷயரில் பஸ் டிரைவரிலிருந்து கடைக்காரம்மா வரை 'லவ்' என்று கூப்பிடுவார்கள். நம் 'கண்ணு', 'தாயி' மாதிரி. 'தா' என்றால் நன்றி. 'யூ ஆல்ரைட்?' என்பது வணக்கத்துக்குச் சமம், 'யா, யூ?' என்றால் போதும். உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரிப்பதாக எடுத்துக்கொண்டு விரிவாகப் பதில் சொல்லும்போது அவர் ஏற்கெனவே நடந்து போயிருப்பார். வடக்கே பலர் மதியச் சாப்பாட்டை 'டின்னர்' என்றும் இரவுச் சாப்பாட்டை 'டீ' என்றும் சொல்வார்கள். ஆறு மணிக்கு டீக்கு வா என்றால் பசியோடு போங்கள்.

அலுவலகத்தில் கவனிக்க வேண்டியது வேறு. 'நாட் பேட்' என்றால் நன்றாகவே இருக்கிறது. 'ஐ வில் பேர் இட் இன் மைண்ட்' என்றால் பெரும்பாலும் அது நடக்காது. 'யூ மைட் வாண்ட் டு லுக் அட் திஸ் அகெய்ன்' என்றால் உடனே திருத்து என்று அர்த்தம். உங்கள் விருப்பத்துக்கு விட்டதாக நினைக்காதீர்கள்.

அலுவலகம் எப்படி இருக்கும்? பப்புக்குப் போகத்தான் வேண்டுமா?

மேலாளரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். 'சார்' என்றால் அவருக்குத்தான் சங்கடம். தெரியாததைத் தெரியாது என்று முதல் வாரமே சொல்வதை இங்கே குறையாக நினைப்பதில்லை. ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து நாமே கண்டுபிடித்துவிடலாம் என்று நான் முயன்றேன். ஆறாவது வாரம் மேலாளர், "என்னிடம் கேட்டிருந்தால் பத்து நிமிடம்தானே" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

டீ போட எழுந்தால் பக்கத்தில் உள்ளவர்களையும் கேட்டுப் போடுங்கள். இந்தச் சின்ன வழக்கத்தில்தான் இங்கே பழக்கம் தொடங்குகிறது. பப்புக்குக் குடிக்காதவர்களும் போகலாம். லைம் அண்ட் சோடா கேளுங்கள், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒருவர் எல்லோருக்கும் வாங்கினால் அடுத்த முறை நீங்கள் வாங்க வேண்டும் என்பது எழுதாத சட்டம்.

முழுநேர வேலையில் வருடத்துக்குக் குறைந்தது 28 நாள் சம்பள விடுப்பு உண்டு, இங்கிலாந்தின் எட்டு பொது விடுமுறைகளையும் அதற்குள் கணக்கிடலாம். தீபாவளியும் பொங்கலும் அந்த எட்டில் இல்லை. ஜனவரியிலேயே தேதி பார்த்து விடுப்புப் போடுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் வேலை செய்ய முன்வந்தால், தீபாவளிக்கு மனமுவந்து விட்டுக்கொடுப்பார்கள்.

உடம்புக்கு முடியவில்லை என்றால்?

விசாவோடு வருடத்துக்கு 1,035 பவுண்டு மருத்துவக் கட்டணம் கட்டித்தான் வந்திருக்கிறீர்கள், அதனால் என்.எச்.எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையைப் பயன்படுத்தக் கூச்சப்படாதீர்கள். நம் ஊர் மாதிரி நினைத்த நேரத்தில் நேராக ஸ்பெஷலிஸ்டிடம் போக முடியாது, முதலில் ஜி.பி. பல இடங்களில் காலை எட்டு மணிக்குப் போன் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அவசரம் ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை என்றால் 111. உயிர் ஆபத்து என்றால் 999.

தொண்டை வலி, சைனஸ், பூச்சிக்கடி சீழ் போன்ற சில தொல்லைகளுக்கு 2024 ஜனவரி முதல் மருந்துக்கடைப் பார்மசிஸ்டே பார்த்துத் தேவையான மருந்து தருகிறார். மருந்துச் சீட்டில் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆன்டிபயாட்டிக் எதிர்பார்க்காதீர்கள், பாராசிட்டமாலும் ஓய்வும்தான். ஏழு நாள் வரை விடுப்புக்கு டாக்டர் சான்றிதழ் தேவையில்லை. நீங்கள் சொன்னால் போதும்.

குளிர்காலத்தில் மனசு சரியாக இருக்காது என்கிறார்களே?

உண்மை. குளிரை கோட்டு தாங்கும், இருட்டுதான் கஷ்டம். டிசம்பர் மூன்றாம் வாரம் லீட்ஸில் காலை 8.20-க்கு விடிந்து மாலை 3.45-க்கு இருட்டிவிடும். இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் திரும்புவீர்கள். வெயிலில் வளர்ந்த உடம்புக்கு இது என்ன செய்யும் என்று எனக்கு யாரும் முன்னால் சொல்லவில்லை. முதல் ஜனவரியில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. வீட்டு நினைப்பு என்று நினைத்தேன்.

அதனால் சொல்கிறேன். அக்டோபரிலிருந்தே வைட்டமின் டி மாத்திரை, தினம் 10 மைக்ரோகிராம். நம் நிறத்தவர்கள் வருடம் முழுக்க எடுத்துக்கொள்வது நல்லது என்று என்.எச்.எஸ்-ஸே சொல்கிறது. மதியம் அரை மணி நேரம், மழைத் தூறலானாலும், வெளியே நடங்கள். நான் லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய்க் கரையில் நடப்பேன். சனிக்கிழமைகளில் கிர்க்ஸ்டால் மடாலயம் வரை. 1152-இல் கட்டத் தொடங்கிய மடம். கூரை போய்ச் சுவர்கள் நிற்கின்றன, மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கற்களில் வெயில் விழும்போது மனது கொஞ்சம் இளகும்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டால் யாரிடமாவது சொல்லுங்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ் மனநல ஆலோசனைக்கு ஜி.பி. வழியாகப் போக வேண்டியதில்லை. நீங்களே இணையத்தில் பதியலாம். நடு இரவில் பேச ஆள் வேண்டுமென்றால் சமாரிட்டன்ஸ் அமைப்பின் 116 123, இலவசம். நான் ஆறு வாரம் ஆலோசனைக்குப் போனேன். வீட்டுக்கு அப்போது சொல்லவில்லை, பின்னால் சொன்னபோது அப்பா, "அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா" என்று மட்டும் சொன்னார்.

ஊருக்கு எந்த நேரம் பேசலாம்?

மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி நேர வித்தியாசம், மற்ற மாதங்களில் ஐந்தரை. நீங்கள் வேலை முடித்து வரும்போது வீட்டில் தூங்கியிருப்பார்கள். காலை டீயோடு பேசுங்கள், அவர்களுக்கு மதியச் சாப்பாட்டு நேரம்.

ஊருக்குப் பணம் அனுப்பும்போது கவனிக்க வேண்டியது?

வெளிநாட்டில் குடியேறியதும் ஊரில் உள்ள சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. (வெளிநாட்டில் வாழ்பவருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். இது இந்தியச் சட்டம், பலர் செய்வதில்லை. இங்கிருந்து அனுப்பிச் சேர்க்கும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு. முதல் ஆறு மாதம் வீட்டுக்கு அனுப்புவதைக் கொஞ்சம் குறைத்து, மூன்று மாத வாடகையைக் கையில் சேருங்கள். ஸ்பான்சர் விசாவில், அதாவது வேலை தரும் நிறுவனத்தின் பொறுப்பில் கிடைத்த விசாவில், வேலை போனால் பொதுவாக 60 நாளில் புது ஸ்பான்சரைத் தேட வேண்டும். அந்த 60 நாளில் தூங்க வைப்பது அந்தச் சேமிப்புதான்.

பஸ், ரயில், கார்?

இங்கிலாந்தில் பெரும்பாலான பஸ்களில் ஒரு பயணத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் வாங்குவதில்லை. இறங்கும்போது டிரைவருக்கு நன்றி சொல்வது வழக்கம். ரயிலுக்கு 30 வயது வரை ரயில்கார்டு வாங்கலாம்; 35 பவுண்டு, டிக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு குறையும். லண்டனுக்கு ஒருமுறை போய் வந்தாலே போட்ட காசு திரும்பிவிடும். இந்திய லைசென்ஸில் 12 மாதம் ஓட்டலாம். அதற்கப்புறம் இங்கே புதிதாகத் தேர்வு எழுதி ஓட்டிக் காட்ட வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரும், வந்ததும் தொடங்குங்கள்.

டி.வி. பார்க்க லைசென்ஸ் வேண்டுமாமே. என்னிடம் பெட்டியே இல்லை. லைசென்ஸ் எதற்கு?

எந்த நாட்டுச் சேனலானாலும், போனிலோ மடிக்கணினியிலோ நேரலையாகப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டும். சன் டி.வி. நேரலையும் இதில் சேரும். பி.பி.சி. ஐபிளேயருக்கும் வேண்டும். மற்றபடி ஓ.டி.டி.யில் படம் மட்டும் பார்ப்பவர்களுக்குத் தேவையில்லை.

இங்கே நமக்கு ஓட்டு உண்டாமே?

உண்டு. இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள். அவற்றின் குடிமக்கள் சட்டப்படி இங்கே வசித்தால் நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்களிக்கலாம். கவுன்சிலில் பெயரைப் பதியுங்கள். வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் கிரெடிட் கார்டு, போன் ஒப்பந்தம் போன்றவற்றுக்கும் உதவும். 2024 ஜூலையில் என் தெருமுனைப் பள்ளியில் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். இந்த ஊர் எனக்கும் கொஞ்சம் சொந்தம் என்று தோன்றிய முதல் நாள் அது.

நம் ஆட்களை எங்கே பார்க்கலாம்?

லண்டனில் ஈஸ்ட் ஹாம், டூட்டிங், ஹாரோ பக்கம் போனால் தமிழ்ப் பெயர்ப்பலகைகளே வழிகாட்டும். மேனர் பார்க்கில் முருகன் கோயில், ஹைகேட் மலையில் இன்னொரு முருகன், விம்பிள்டனில் பிள்ளையார். வடக்கே கூட்டம் குறைவு. அதனாலேயே நெருக்கம் அதிகம். ஆனால் நம் ஆட்களோடு மட்டும் இருந்துவிடாதீர்கள். நான் மாலை நேர மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தேன். எழுபது வயது ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர் அங்கே பழக்கம். ஒரு வருடம் ஒரு வார்த்தையும் சொந்த விஷயம் கேட்டதில்லை. ஒருநாள் நானே, "கிறிஸ்துமஸ் அன்று தனியாக இருப்பேன்" என்றேன். அடுத்த வாரம் அவர் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டேன். மீன் தவிர வேறு மாமிசம் சாப்பிடாத என் ஒருத்திக்காகத் தனியாக 'பை' என்ற சுட்ட பண்டம் ஒன்று செய்திருந்தார்.

அம்மா அப்பாவை அழைத்து வரலாமா?

விசிட்டர் விசாவில் ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். உங்கள் அழைப்புக் கடிதம், சம்பளச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம், அவர்கள் ஊரில் திரும்பிப் போவதற்கான காரணங்கள் எல்லாம் காட்ட வேண்டும். பயணக் காப்பீடு கட்டாயம் எடுங்கள். விசிட்டராக வந்து மருத்துவமனையில் சேர்ந்தால் செலவு பெரிதாக வரும். மே அல்லது ஜூனில் வரச் சொல்லுங்கள்.

என் அம்மா 2024 ஜூனில் வந்தார். முதல் நாள் மாலை ஆறு மணிக்கு, பழக்கப்படி முகம் கழுவி, அடுப்படி அலமாரியில் விளக்கேற்றினார். ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. விளக்கையும் வெயிலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்பதே முக்காலுக்குத் தெருவிளக்கு எரிந்ததும் எழுந்து போய், இன்னொரு முறை ஏற்றினார். வந்திருந்த ஆறு வாரமும் இரண்டு வேளையும் ஏற்றினார்.